எந்த ரோட்டு?

"ரதீஸ் அண்ணா, ஓடி வாங்க! ஆரோ ஒருத்தன் விலாசம் கேக்கிறான். நம்மட ஆள் சொல்லிட்டு இரிக்கு!"

குளிர்சாதனப் பெட்டியை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த ரதீஸ், கையைத் துடைத்தபடி உள்ளே வந்தான். புளியந்தீவில் உள்ள அந்தக் கடையில் விற்கும் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. கூப்பிட்ட நிருஷாவுக்குக் கணினி வேலை. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளைத்தான் அவள் 'நம்மட ஆள்' என்பாள்.

திரையில் ஒரு புதிய எண்ணிலிருந்து வந்த செய்தி.

'பிரஷாந்தி எண்டு ஒருத்தி. முந்தி அமிர்தகழி. உங்களிட்டத் தையல் மெசின் எடுத்தவ. இப்ப எங்க இரிக்கா?'

கீழே உதவியாளின் பதில். 'பிரஷாந்தி அவர்கள் தற்போது பெரியகல்லாற்றில் வசிக்கிறார். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?'

ரதீஸ் அதை இரண்டு தரம் வாசித்தான்.

"ஐயோ புள்ள, அந்த மெசின நான்தான் இறக்கினன். ஜன்னல் சீலைய விலக்கிப் பாத்துப் போட்டுத்தான் கதவத் திறந்தவ. முந்தின மெசினப் புரிசன் கிணத்துக்க தூக்கிப் போட்டானாம். அவவையும் போடப் பாத்தவனாம். தம்பி, நான் இஞ்ச இரிக்கிறது ஆருக்கும் தெரியப்படாது எண்டு கும்பிட்டவ."

"அப்ப இது அவன்தானா?"

"வேற ஆரு? முதல்ல இந்த வாய் நிக்காத சாமான நிப்பாட்டு!"

"நிப்பாட்டுற பாஸ்வேர்ட் முதலாளியிட்ட. அவர் கொழும்பு ரயில்ல. போன் போகுதில்ல."

நிருஷாவால் மாற்ற முடிந்தது ஒன்றுதான். கடையின் வாடிக்கையாளர் பதிவேட்டில் உதவியாள் தேடும் கருவிக்கு அவள் எழுதிய விளக்கம். உதவியாள் ஒவ்வொரு முறையும் அதை வாசித்துவிட்டுத்தான் கருவியைத் தொடும். 'பெயர், ஊர் எதைக் கொடுத்தாலும் முழு விபரத்தையும் தேடித் தரும்' என்று போன கிழமை பெருமையாக எழுதியிருந்தாள்.

"என்ன செய்யும் எண்டு எழுதினன் அண்ணா. ஆருக்குச் செய்யலாம் எண்டு எழுதல்ல."

"அழுறத மறுகா அழு. அங்க பார், அவன் எழுதுறான்!"

'எழுதுகிறார்' என்ற சொல் திரையில் மினுங்கியது. நிருஷாவின் விரல்கள் ஓடின. 'வாடிக்கையாளர் பதிவு செய்த எண்ணிலிருந்து கேட்டால் மட்டும் விலாசம் சொல். வேறு எவருக்கும் சொல்லாதே.' சேமித்தாள்.

'பெரியகல்லாத்தில எந்த ரோட்டு?'

'மன்னிக்கவும், விலாசத்தைத் தர முடியாது.'

நிருஷா மூச்சு விட்டாள். அடுத்த செய்தி உடனே வந்தது.

'நான் அவட அண்ணன். அம்மா கடும வருத்தமா ஆஸ்பத்திரியில.'

'வருந்துகிறேன். விலாசம் தர முடியாது. அவரது தொலைபேசி எண்ணைத் தரட்டுமா?'

"அடப்பாவி!" ரதீஸ் தலையில் கை வைத்தான். "முன்கதவப் பூட்டப் பின்கதவத் திறக்குதே!"

"நான் விலாசம் எண்டு மட்டும்தானே எழுதினன்..." நிருஷா அவசரமாகச் சேர்த்தாள். 'எண்ணும் தராதே. அண்ணன் என்றாலும், அவசரம் என்றாலும், யார் என்று சொல்லிக் கேட்டாலும் எதுவும் தராதே.'

'ஓம், நம்பரத் தாங்க.'

'மன்னிக்கவும், எந்த விபரமும் தர முடியாது.'

'நான் பொலிஸ் கதைக்கிறன். தராட்டி உங்கட கடையச் சீல் வைப்பம்.'

'மன்னிக்கவும், எந்த விபரமும் தர முடியாது.'

"பொலிசாம்! பொலிசெண்டா ஜீப்பில வந்து நிப்பாங்க, வாட்ஸ்அப்பிலயா கெஞ்சுவாங்க?" ரதீஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அதன்பின் செய்தி எதுவும் வரவில்லை. அந்த அமைதிதான் நிருஷாவை இன்னும் பயமுறுத்தியது.

"ஊர் தெரிஞ்சிட்டே அண்ணா. வெளிக்கிட்டிருப்பானோ? ஒவ்வொரு வீடா விசாரிச்சா?"

பிரஷாந்தியின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தாள். எடுக்கவில்லை.

"அவவுக்கு ஏதும் நடந்தா நான்தானே அண்ணா..."

"வாயப் பொத்து. நான் போறன்." ரதீஸ் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"நில்லுங்க! திரும்பவும் எழுதுறான்!"

இம்முறை அந்தச் சொல் வெகுநேரம் மினுங்கியது. பிறகு, அதே எண்ணிலிருந்து நீளமாக ஒரு செய்தி வந்து விழுந்தது. நிருஷா சத்தமாக வாசித்தாள்.

'இடையில பதில் மாறினதால, அங்க ஆரோ இரிந்து திருத்துறீங்க எண்டு விளங்குது. நீங்க நல்லா இரிக்கணும். நான்தான் பிரஷாந்தி, என்ட போன வீட்டில வெச்சிட்டு வந்து, பக்கத்து வீட்டு அக்காட போனில இருந்து, அவர் எப்பிடியெல்லாம் கேப்பாரோ அப்பிடியே கேட்டுப் பாத்தன். தயவுசெய்து என்ட நம்பரில இருந்து கேட்டாலும் சொல்லிப் போடாதீங்க; அவர் முதல்ல பறிக்கிறது என்ட போனத்தான்.'