ஆதாம் வழிச் சம்பந்தம்

"ஆதாமை ஆர் கட்டுக்கதை எண்டு சொல்லுறானோ, அவன்..."

பார்க்கர் தம்பையாவின் தகப்பனார், அந்தக் காலத்து உபதேசியார், பிரசங்கத்தை இப்படித்தான் தொடங்குவார். அவன் கடைசியில் என்ன ஆவான் என்பது மகனுக்கு மறந்துபோயிற்று. முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டே தம்பையா வெள்ளவத்தையில் ஒரு ஆயுளை ஓட்டிவிட்டார்.

சுங்கத்தில் பெரிய கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். சபையில் மூப்பர். ஆதியாகமம் சரித்திரம், அதைக் கதை என்று சொன்னவனுக்கு அவர் வீட்டில் உட்காரக் கதிரை கிடையாது. மகள் பியூலாவைப் பார்க்க வந்த டொக்டர் ஒருவர், ஆறு நாளென்பது ஆறு யுகமாகவும் இருக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லி, தேத்தண்ணி வருமுன்னமே அனுப்பிவைக்கப்பட்டார். பாம்பு பேசிய இடத்தில் சிரித்துவிட்ட, கோர்ட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்தும் அதே வழியால் போனார்.

பியூலாவுக்கு முப்பது நெருங்கிவிட்டது. ஆதாம் ஏவாளின் கலியாணத்தைப் பப்பா காப்பாற்றுகிற மும்முரத்தில் தன் கலியாணம் தள்ளிக்கொண்டே போவதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை போதகர் ஞானமுத்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் நத்தானியேல். மெட்ராஸ் பி.ஏ. கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியார். பேச்சில் இடைக்கிடை ஒரு 'ங்க' வந்து விழுந்தது. அதுவும் மெட்ராஸில் ஒட்டிக்கொண்டதாக்கும் என்று தம்பையா விட்டுவிட்டார்.

மற்ற வீடுகளில் முதலில் எந்த ஊர், என்ன ஆக்கள் என்று விசாரிப்பார்கள். தம்பையா முதலில் ஆதாமை விசாரிப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. வேதாகமப் பெயர், கையில் பட்டம், கூட்டிவந்தவர் போதகர். மிச்சமெல்லாம் தன்பாட்டில் சரியாக இருக்கும்தானே.

"ஆறு நாள் எண்டது எப்பிடி, தம்பி? நாளோ, யுகமோ?"

"நாள்தாங்க ஐயா."

"சூரியனை நாலாம் நாள்தானே படைச்சது. முதல் மூண்டு நாளும் ஆர் நேரம் பாத்தது?"

"படைச்சவருக்கு மணிக்கூடு எதுக்குங்க?"

தம்பையா கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். அந்தக் கேள்வியில் வழுக்காமல் நின்றவர் இதுவரை இல்லை.

"ஏவாளை விலா எலும்பில செய்தது? உவமையோ?"

"எலும்புதாங்க."

தம்பையா உள்ளே திரும்பி, தேத்தண்ணியோடு கேக்கும் கொண்டுவரச் சொன்னார். கேக் எந்த மாப்பிள்ளைக்கும் வந்ததில்லை. கொண்டுவந்து வைத்த பியூலா, போகாமல் கதவோரம் நின்றாள்.

அதற்குப் பிறகுதான், சும்மா பேச்சுக்கு, தம்பிக்கு எந்த ஊர் என்று தம்பையா கேட்டார்.

"தலவாக்கலைங்க."

தகப்பனார் அங்கே கவர்மென்ட் உத்தியோகமோ என்றார் தம்பையா. இல்லை, அப்பா தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், பெயர் வேலுசாமி, தாத்தா இராமநாதபுரம் பக்கமிருந்து நடந்தே வந்தவர் என்று, ஒளிவுமறைவில்லாமல், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே நத்தானியேல் சொன்னார்.

"அதுக்கு முன்னம்?" தம்பையாவின் குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கு மேல தெரியாதுங்க ஐயா. ஆதாம்ல இருந்து நோவா வரைக்கும் மனப்பாடமாச் சொல்லுவேன். நோவாவுக்கும் எங்க தாத்தாவுக்கும் நடுவுலதான் கொஞ்சம் விட்டுப்போச்சு."

போதகர் சிரித்தார். கதவோரத்திலும் ஒரு சிரிப்புக் கேட்டது. தம்பையா மட்டும் தன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமை ஜெபித்துப் பார்க்கவேணும் என்று சொல்லி இருவரையும் எழுப்பினார். நத்தானியேல் முன்னால் நடந்து றோட்டுக்குப் போய்விட, போதகர் கேற்றடியில் நின்றார்.

"மூப்பர், உண்மையைச் சொல்லுறன். வேற வீடுகளுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் பயம். அவையள் ஆதாமைக் கதை எண்டு சொல்லுற ஆக்கள், ஆர் ஆருடைய வழி எண்டு துருவுவினம். நீங்கள் அப்பிடியில்லை. உங்களுக்கு ஆதாம் சரித்திரம். எல்லாருக்கும் ஒரே தகப்பன் எண்டா, பிறகு துருவ என்ன கிடக்கு? அந்தத் துணிவிலதான் வந்தனான்."

தம்பையா ஓம் ஓம் என்றார். வேறென்ன சொல்லுவது?

பின்னேரம் பியூலா கோப்பைகளை எடுக்க வந்தாள். எடுக்காமல் நின்றாள்.

"பப்பா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

இந்த வீட்டில் அவள் இப்படி ஒன்றைச் சொன்னது அதுதான் முதல்தடவை. ஜெபிப்போம் பிள்ளை என்றார் தம்பையா.

ஜெபித்தாரோ என்னவோ, அந்தக் கிழமை முழுக்கச் சாப்பாடு குறைந்தது, வாசிப்புக் கூடியது. சாதி என்ற சொல்லை வாயில் எடுக்கிற ஆளில்லை அவர். சபை மூப்பர் அப்படியெல்லாம் கதைக்கலாமோ? தோட்டக்காட்டான் என்றும் சொல்ல முடியாது, போதகர் ஒரே தகப்பன் கதையைத் திரும்பவும் எடுப்பார். பெடியனில் குடி இல்லை, கடன் இல்லை, சுருட்டுக்கூட இல்லை. இவ்வளவு ஒழுக்கமாக இருந்து ஒரு பெரிய மனிதரை இப்படிச் சங்கடப்படுத்தவேணுமா என்று தம்பையாவுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியாக அழைத்தார். பெடியன் தங்கமான பெடியன், குணத்தில் ஒரு குறையும் சொல்ல ஏலாது என்று தொடங்கினார்.

"அப்ப என்ன தடை, மூப்பர்?"

தம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் முடிவைச் சொன்னார்: இந்தக் காலத்திலும் ஆதாமைச் சரித்திரமென்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருவருக்குப் படித்த பிள்ளையைக் கொடுப்பதற்கில்லை.