இரண்டு இஞ்ச் மடிப்பு

மாலைத் தையல் வகுப்பில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் முன்னால் ஒரு மஞ்சள் கவுன். பதினொரு வருடங்களுக்கு முன் கொல்லப்பட்ட ஏழு வயதுச் சிறுமி கடைசியாகப் போட்டிருந்ததைப் போலவே, அந்தக் கொலையைப் பற்றிய டி.வி. நிகழ்ச்சி ஒன்றுக்காக, போட்டோவைப் பார்த்து நான் தைத்தது. அளவை மூன்று தடவை சரிபார்த்தும் சந்தேகம் தீரவில்லை. கொன்றவன் இன்றுவரை அகப்படவில்லை. "சித்தப்பாக்காரன்தான், நான் எழுதியே தர்றேன்" என்கிறாள் பக்கத்து மெஷின்காரி. "போன வாரம் வாட்ச்மேன்னு சொன்னே. போலீஸே உன்கிட்டதான்டி வந்து கேக்கணும்" என்று இன்னொருத்தி சிரிக்கிறாள். வாசலில் சிறுமியின் அம்மா நிற்பதைப் பார்த்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. கவுன் அதே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல டீச்சர்தான் அவரை வரச் சொல்லியிருந்தார். அந்த அம்மா காலரையும் பொத்தானையும் விட்டுவிட்டுக் கீழ் மடிப்பைத் திருப்பி விரலால் அளக்கிறார். "அரை இஞ்ச்தான் இருக்கு. நான் ரெண்டு இஞ்ச் வச்சிருந்தேன்." "உள்பக்கம்தானேக்கா, டி.வி.யில தெரியாது" என்கிறார் டீச்சர். "தெரியாட்டி போகுது. வளர்ற பிள்ளைம்மா. அடுத்த வருஷம் பிரிச்சு விடணும்ல." டீச்சர் புதுத் துணியை மேசையில் விரிக்கிறார். நான் அளவு நோட்டில் உயரத்தோடு மடிப்புக்கான இரண்டைக் கூட்டி எழுதுகிறேன். சரிதானா என்று இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கிறேன்.