தேவதையின் காதோரம்

"பேசாம இரு. இந்த ஊரே அந்த மூஞ்சியை வெச்சுத்தான் பொழைக்குது," என்று வில்மா கணவர் அட்டிலியோவின் காதருகே முணுமுணுத்தாள்.

பொலோன்யாவிலிருந்து ஓய்வூதியர்களை ஏற்றி வந்த சுற்றுலா பஸ்ஸில் அவர் இடம்பிடித்ததே இந்தக் கூரை ஓவியத்துக்காகத்தான். ஆனால் மோன்தேலூச்சே மாளிகையின் சிற்றாலயத்துக்குள் கால் வைத்தது முதல், அவரால் தரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

வழிகாட்டிப் பெண் ஜினேவ்ரா விளக்கிக்கொண்டிருந்தாள். பழைய சுவரோவியத்தில் உதிர்ந்துபோன இடத்தை இப்போது தீட்டுகிறவர்கள் மெல்லிய நெட்டுக்கோடுகளாகத்தான் தீட்ட வேண்டுமாம். தூரத்தில் நின்றால் பழையதோடு கலந்துவிடும். கிட்டப் போனால் பிற்கால வேலை என்று தெரிந்துவிடும். பார்க்கிறவர்களை ஏமாற்றக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. புனிதரின் அங்கியில் அப்படிக் கோடுகள் இருந்தன. மேகத்திலும் இருந்தன. தேவதையின் முகத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஐந்நூறு வருஷத்து முகம். பத்து வருஷம் முந்தி வந்த நிலநடுக்கத்துல மணிக்கூண்டே சாய்ஞ்சுது. இதுல ஒரு கீறல் விழலை," என்றாள் ஜினேவ்ரா.

கூட்டத்தில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, இந்தக் கூரையைப் பழுதுபார்க்க வந்த குழுவில் அவர்தான் இளையவர். ஆகஸ்ட் விடுமுறைக்கு மற்றவர்கள் எல்லாம் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். தனியாகச் சாரத்தில் ஏறித் துடைத்தபோது, தேவதையின் முகம் அப்படியே பெயர்ந்து விழுந்து தூளாகிவிட்டது. நான்கே நாட்களில், ஒரு நெட்டுக்கோடும் போடாமல், அசல் ஓவியரின் கை போலவே புது முகத்தைத் தீட்டிவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த முகம் அஞ்சலட்டையில் வந்தது, மிட்டாய் டப்பாவில் வந்தது. கடையில் எங்கே கண்ணில் பட்டாலும் அட்டிலியோ வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன மாதம் அவருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் இதை வில்மா தவிர வேறு யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சாட்சியும் வைத்திருந்தார். காதோரச் சுருள்முடிக்குள் ஒரு பருப்பளவுக்கு V என்ற எழுத்து. அப்போது அவர் காதலித்துக்கொண்டிருந்த வில்மாவின் முதல் எழுத்து.

மற்றவர்கள் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே கல் இருக்கையில் உட்கார்ந்தால் தரைக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு நனைத்துவிடும். விருந்தாளிகளை அப்படி நனைப்பது மாளிகையின் பழைய வேடிக்கை. காவலாளி குயிரினோதான் புதருக்குள் ஒளிந்திருந்து குழாயைத் திறப்பவன். மற்ற நேரங்களில் வாசலில் நுழைவுச்சீட்டு கிழிப்பான். தன் கையால் வரைந்த தேவதைப் படங்களையும் அதே மேசையில் விற்பான்.

வெளியே முதல் கூச்சல் கேட்டபோது, அட்டிலியோ ஜினேவ்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "நான் பட்டம் வாங்கினதே இந்த முகத்தைப் பத்தி எழுதித்தான், ஐயா," என்றாள். பிறகு தொலைநோக்கியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "எங்க இருக்கு, காட்டுங்க."

அட்டிலியோ முதல்முறையாக அண்ணாந்து பார்த்தார்.

காது இருந்தது. சுருள்முடி இருந்தது. V இல்லை.

கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் உள்பக்கமாகச் சுருட்டியிருந்த முடி, வெளிப்பக்கமாகச் சுருண்டிருந்தது. தொலைநோக்கியை மெதுவாகக் கீழே இறக்கினார்.

ஜினேவ்ராவுக்கு மூச்சு திரும்பியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். வெயிலில் இவ்வளவு தூரம் வந்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும் என்று கனிவாகச் சொன்னாள். தண்ணீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வில்மா தொலைநோக்கியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நாம செத்த பிறகும் என் எழுத்து அங்க இருக்கும்னு சொன்னே. அதைக் கேட்டுத்தான் என்னைக் கேட்டு வந்த மருந்துக்கடைக்காரனை வேண்டாம்னேன்," என்றாள். அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "நாற்பத்தொன்பது வருஷம், அட்டிலியோ. நீ அந்த முகத்தை வரைஞ்சதாவது நிஜமா?"

தூள்தூளாக விழுந்த அந்த முகம், சுண்ணாம்பின் ஈரம், நான்கு நாட்கள் சாரத்தில் மல்லாந்து கிடந்த கழுத்துவலி, எல்லாமே தானாகக் கட்டிக்கொண்ட கதையோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வாசலில் நிழல் தட்டியது. ஈரச் சட்டையோடு குயிரினோ நின்றிருந்தான். எப்போதிலிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவனும் கூரையைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தான்.

"நிலநடுக்கத்துக்கு மறுநாள் காலையில நான்தான் முதல்ல கதவைத் திறந்தேன். முகம் இங்க, இந்த இடத்துல நொறுங்கிக் கிடந்துச்சு. அதிகாரிங்க வந்து சேர ஆறு நாள் ஆச்சு," என்றான்.

பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டான்:

"காதோரம் இருந்தது எழுத்தா, வாத்தியாரே? நான் விரிசல்னு நினைச்சு வரையாம விட்டுட்டேன்."