கட்டிலடி மகாராணி

தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்தது மேஸ்திரிக்கு. டிரில் மெஷினைச் சுவரில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பூனையின் இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

"பாத்து, மேஸ்திரி! நேத்து ராத்திரிலேர்ந்து ஒரு வாய்கூடச் சாப்பிடல. பயந்த சுபாவம்" என்றாள் வீட்டுக்காரம்மா, மீன் தட்டோடு குந்தியபடி.

"நான் பெத்ததுங்களுக்குக்கூட இந்த உபசாரம் பண்ணினதில்லம்மா."

"பூனை டாக்டர்தானே சொன்னாரு? டிரில் சத்தத்தையும் சோத்தையும் சேத்தே குடுத்தா பயம் தெளிஞ்சிடும்னு."

அவர் மெஷினை ஓட்டினார். சுவர்த் தூள் மீசையில் கொட்டியது. பூனை மகாராணி மெல்ல வெளியே வந்து, தட்டை முகர்ந்து, தின்னத் தொடங்கினாள்.

"போதுமாம்மா? வேற வீட்ல வேலை நிக்குது."

"ஐயோ, நிறுத்திடாதீங்க!"

நிறுத்திவிட்டார். பூனை வாயிலிருந்த மீனைத் துப்பிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

இந்த வீட்டு வேலை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் சொன்ன வைத்தியம் அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. சத்தம் இல்லாவிட்டால் அதற்குச் சோறு இறங்குவதில்லை. வேளாவேளைக்கு வந்து குடைந்ததில் புதுச் சுவர் சல்லடையாகிவிட்டது.

மேஸ்திரி முனகிக்கொண்டே மெஷினை மறுபடி தூக்கினார். சொந்த வீட்டில், பெண்டாட்டி கேட்ட அலமாரிக்கு இரண்டே இரண்டு துளை போட்டுத் தருவது இன்னும் பாக்கி.