ஆறுதல் பெட்டி

குடியிருப்பின் எல்லா வீட்டுச் சுவரிலும் இலவச ஆறுதல் பெட்டி இருந்தது. யாராவது மனமுடைந்து போனால் அதுவே கண்டுபிடித்து ஆஸ்பத்திரி வண்டியை வரவழைக்கும். போன மாதம் எதிர்வீட்டுக் குணவதி, அம்மா செத்ததற்கு மாரடித்து அழுதாள். சிகிச்சைக்குக் கூட்டிப்போனவர்கள் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. அவள் பிள்ளைகள் காப்பகத்தில் இருக்கிறார்கள்.

அதனால் பவுனின் கணவன் செத்துக் கிடந்தபோது, ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்கள்.

"தொண்டையிலயே முழுங்கிக்கடி. உம் பொண்ண நெனச்சிக்க," என்று காதோரம் சொன்னாள் நாத்தனார் தேசம்மா.

பவுன் முழுங்கினாள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று பெட்டி கேட்டபோதெல்லாம், "நல்லாருக்கேன் சார்," என்றாள்.

நான்காம் நாள் காலை பெட்டி கனிவாகப் பேசியது. "பவுன், கணவர் இறந்தும் நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இது ஆபத்தான அறிகுறி. வண்டி கிளம்பிவிட்டது."

"ஐயோ, எனக்கு அழத் தெரியும் சார்!" பெட்டி முன்னால் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். கண் காய்ந்தே கிடந்தது.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டு வயது மகள் வெண்ணிலா ஓடிவந்து அம்மாவின் கையைப் பலங்கொண்ட மட்டும் கிள்ளினாள்.

"அழும்மா! சீக்கிரம் அழு!"