தடித்த எழுத்து

1987 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. யார்க்‌ஷயரின் வடக்கே ஒரு சிறிய குதிரைப் பந்தயத் திடல். நான்காவது ஓட்டம் விற்பனைப் பந்தயம், ஒன்பது குதிரைகள்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றிக் காட்டும் வட்டத்தில், ஜேனிஸ் சில்வர் பட்டன் என்ற குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லாயத்தில் அவனுக்குத் தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, இருமினால் கூடவே படுத்துக்கொள்வது எல்லாம் அவள்தான். சாயங்காலம் அவன் தன்னோடு வீடு திரும்புவானா மாட்டானா என்பது இந்த ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

பட்டனின் சொந்தக்காரர் ஆம்ப்லருக்கு ஊரில் இரண்டு இறைச்சிக் கடைகள். காலையில் லாயத்துக்கு வந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "ஆக, இன்னிக்கோட ஒரு முடிவு ஜேனிஸ். இனிமே இவனுக்குன்னு என் பையிலேருந்து ஒரு பென்னி வராது" என்று முடித்தார்.

அவர் கார் கிளம்பியதும் ஜேனிஸ் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பட்டன் முன்னால் வைத்தாள். அவன் குனிவதற்குள் அதைத் தூக்கி வாசலில் கொட்டிவிட்டாள். வயிறு முட்டக் குடித்த குதிரை ஓடாது.

வட்டத்தின் வேலியோரம் டெரக் ஓல்ட்ராய்ட் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். எந்தெந்தக் குதிரை ஜெயிக்கும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் தினமும் கணித்து எழுதுகிறவர். தனக்கு நிச்சயமாகத் தோன்றும் ஒரே ஒரு பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போடுவார். இன்றைக்கு அது சில்வர் பட்டன்.

"யோசிச்சுத்தான் போட்டீங்களா, டெரக்?"

"ராத்திரி பூரா அதானே வேலை."

"போன வாரம் தடிச்சுப் போட்டது கடைசியா வந்துச்சே."

"சாப்பிடற மனுஷன்கிட்ட பேசற பேச்சா இது?"

குதிரைகள் நிற்கக் கூடாது. ஜேனிஸ் ஒரு சுற்று போய்விட்டு வந்தாள்.

"அந்தச் சாம்பல் குதிரை? போன மாசம் ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கே."

"அது சேத்துல ஓடற குதிரை, கண்ணு. தரையைப் பாத்தியா, ஓடு மாதிரி காஞ்சு கிடக்கு. நாலு எட்டு வெச்சதும் கால் வலிக்குதுன்னு சொல்லிடும்."

அடுத்த சுற்று. "அப்ப ஏழாம் நம்பர்?"

"ஓட்டம் கிளம்பற கூண்டுல வெளிக்கோடியில மாட்டிக்கிச்சு. வளைவுல ஊரையே சுத்திட்டு வரணும். அது வந்து சேர்றதுக்குள்ள நாம டீ குடிச்சிடலாம்."

மூன்றாவது தடவை வேலியருகே வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "அயர்லாந்துலேருந்து வந்திருக்கிற பெட்டை நல்ல வேகம்னாங்களே."

"புதன்கிழமைதான் ஸ்காட்லாந்துல ஓடிச்சு. அதுலேருந்து வண்டியிலயே நின்னுக்கிட்டு வந்திருக்கு. கண்ணைப் பாரு, நிக்கிறபோதே தூங்குது." டெரக் அவள் முகத்தைப் பார்த்து, தின்பதை நிறுத்தினார். "ஏம்மா இப்படி வெளுத்துப்போறே? பயப்பட ஒண்ணுமே இல்ல. இவனைத் தோக்கடிக்க இங்க ஆள் கிடையாது."

"ஒரு குதிரை கூடவா?"

"ஒண்ணு கூட."

ஜேனிஸ் பட்டனின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்தபடியே மிச்ச தூரத்தை நடந்தாள். ஓட்டுகிறவன் வந்து, அவள் கோத்துப் பிடித்த கையில் கால் வைத்துப் பட்டன்மேல் ஏறினான். "எப்படி இருக்கான்?" என்று கேட்டான்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். "நல்லா இருக்கான். கடைசி வளைவு வரைக்கும் பிடிச்சே வை. அப்புறம் விட்டுடு, அவனே போவான்."

கூண்டுகள் திறந்தன. சாம்பல் குதிரை முதலில் பாய்ந்தது. வளைவு வரை அதுதான் முன்னால். பட்டன் ஐந்தாவதாக, கூட்டத்துக்குள் அடைபட்டு ஓடினான். ஜேனிஸ் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்பது கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வளைவு திரும்பியதும் சாம்பல் தளர்ந்தது. ஓட்டுகிறவன் கடிவாளத்தை விட்டான். பட்டன் கழுத்தை நீட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாண்டி, இரண்டு உடல் நீளம் முந்தி எல்லைக் கம்பத்தைக் கடந்தான்.

"தடிச்ச எழுத்து, ஜேனிஸ். தடிச்ச எழுத்து" என்று டெரக் பத்திரிகையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

ஜெயித்த குதிரைக்கான இடத்துக்கு ஜேனிஸ் அவனைக் கூட்டிவந்தாள். ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்தாள். தன் முகத்தைத் துடைக்கவில்லை. அழுதால் அழட்டும், சந்தோஷம்தானே என்று ஜனங்கள் கை தட்டினார்கள்.

ஏலக்காரர் மேடையில் ஏறினார். விற்பனைப் பந்தயத்தில் ஜெயிக்கிற குதிரையை அந்த இடத்திலேயே ஏலம் விட வேண்டும் என்பது விதி. விட மனமில்லாத சொந்தக்காரர் தானும் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆம்ப்லர் கோட்டுப் பைகளில் கையை விட்டபடி நின்றார், வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது கேள்வியில், பழுப்புத் தொப்பி போட்ட பெல்ஜியத்துக்காரர் ஒருவருக்குச் சுத்தியல் விழுந்தது.

அவருடைய ஆள் வேறொரு கயிற்றோடு வந்தான். ஜேனிஸ் தன் கயிற்றை அவிழ்த்தாள்.

டெரக் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்தார். "மனசைத் தேத்திக்கோ கண்ணு. இப்பவாவது உயிரோட எங்கேயோ இருப்பான். தோத்திருந்தா அந்தக் கறிக்கடைக்காரர் இவனை நாய்த்தீனிக்குல்ல அனுப்பியிருப்பார்."

ஜேனிஸ் கயிற்றைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"இல்ல, டெரக். தோத்தா எனக்கே குடுத்துடறேன்னு சொல்லியிருந்தார்."