சாய்ந்த சுக்கான் தூண்

“வேலை தெரிஞ்சவன் செய்யுற காரியமாய்யா இது? மூணாவது நாளா சாஞ்சு நிக்குது!”

தேனப்ப செட்டியாரின் குரல் கோட்டைப்பட்டினம் கடற்கரை முழுக்கக் கேட்டது. மணலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த சின்னப் பாய்மரப் படகின் மேல், கொல்லன் குழந்தைசாமி தலைகுனிந்து நின்றான்.

சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடமிருந்து செட்டியார் வாங்கிய படகு அது. பின்பக்கம் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தூண். அதன் தலையில், சுக்கானைத் திருப்புகிற சக்கரம். வாங்கும்போதே தூண் கோணியிருந்தது.

குழந்தைசாமி அதைக் கழற்றி, அதன் அடித்தட்டை உலையில் காய்ச்சித் தட்டி நிமிர்த்தினான். தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, படகோடு பிணைக்கும் நாலு நட்டுகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் நட்டுகள் கழன்று, தூண் இடது பக்கம் சாய்ந்திருந்தது. மறுபடி முறுக்கினான். செவ்வாயும் அதே கதை. இன்று புதனும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படகு தண்ணீரில் இறங்கியாக வேண்டும். பினாங்கில் இருபது வருஷம் கடை வைத்திருந்த செட்டியார், மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியிடம், “நானே ஒத்தையாளா தொண்டி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்புவேன்” என்று சொல்லியிருந்தார். அதற்காகவே கடற்கரைக்கு அருகில் வீடு பிடித்து, மனைவியோடு ஒரு வாரமாகத் தங்கியிருந்தார். வேடிக்கை பார்க்கத் திருமயம் பக்கத்திலிருந்து இரண்டு கார் நிறையச் சொந்தக்காரர்கள் வருகிறார்கள். மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

குழந்தைசாமி அடித்த ஆணி இல்லாத படகு அந்தக் கரையில் கிடையாது. இந்தத் தூண் நிற்கவில்லையென்றால், இனி ஒரு கொக்கி வளைக்கக்கூட எவனும் பட்டறைக்கு வரமாட்டான்.

“எவனோ கழட்டுறான்” என்றான், கஞ்சி கொண்டுவந்த மனைவி அடைக்கலமேரியிடம். “படகோட்டி இருளாண்டியாத்தான் இருக்கும். நான் ஓட்டுறேன்னு கேட்டான், செட்டியாரு வேணாம்னுட்டாரு. அந்தக் கடுப்பு.”

“வாயில சொல்லி என்ன ஆகப்போகுது? கையும் களவுமாப் பிடி” என்றாள் அவள்.

மத்தியானம் நட்டுகளை முறுக்கி முடித்து, சாப்பிடப் போகிறவன் போல ஊர்ப்பக்கம் நடந்தான் குழந்தைசாமி. சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, படகில் மடித்துக் கிடந்த பாய்க்குள் புகுந்துகொண்டான். உள்ளே அடுப்பாக வெந்தது. தும்மல் வேறு வந்தது. மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் படகு லேசாக அசைந்தது. இரும்பில் இரும்பு உரசும் சத்தம்.

“மாட்டுனியா!” பாயை உதறிக்கொண்டு எழுந்தான்.

எதிரே ஸ்பானரும் கையுமாக உட்கார்ந்திருந்தவர், செட்டியாரின் மனைவி தெய்வானை ஆச்சி.

“ஆச்சி! நீங்களா?”

“சத்தம் போடாதப்பா” என்று ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். “அவுகளுக்கு நீச்சல் சுத்தமாத் தெரியாது. எங்க ஊரு ஊருணியிலயே படியில உக்காந்து, செம்புல மோந்துதான் குளிப்பாக. பந்தியில வாய்க்கு வந்ததச் சொல்லிப்பிட்டாக. வேணாம்னு சொன்னாக் கேக்குற மனுசரா? இது கோணலா இருந்தாப் படகு எறங்காதுல்ல?”

குழந்தைசாமி குனிந்து பார்த்தான். ஆச்சியின் உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. நட்டு ஒரு நூல்கூட நகரவில்லை.

“இத அங்கிட்டுத் திருகணுமா, இங்கிட்டுத் திருகணுமா? அதையாவது சொல்லேன்” என்றார் பரிதாபமாக.

“நீங்க வீட்டுக்குப் போங்க ஆச்சி. இனிமே இதத் தொட வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

சொல்லிவிட்டானே தவிர, சாயங்காலம் முழுக்கக் குமைந்தான். தூண் நேராக நின்றால் செட்டியார் கடலுக்குள் போவார். சாய்ந்தால் இவன் பேர் போகும்.

“பேரு போனாப் பட்டறைய வேற ஊருல வச்சுக்கலாம். ஆளு போனா?” என்றாள் அடைக்கலமேரி.

வியாழக்கிழமை கரை கொள்ளாத கூட்டம். செட்டியார் பட்டு ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி சகிதம் படகை நோக்கி நடந்தார். குழந்தைசாமி குறுக்கே போய் நின்றான்.

“ஐயா, மன்னிக்கணும். தூணுக்குக் கீழ இருக்க பலகை உளுத்துப்போச்சு. சக்கரத்தத் திருப்புனா தூணோட கையில வந்துரும். இந்தப் படகு தண்ணியில எறங்காதுங்க. என்னால சரிபண்ண முடியல.”

மேளம் நின்றது. சம்பந்தி உச்சுக்கொட்டினார். தூரத்தில் இருளாண்டி வாய்விட்டே சிரித்தான். குழந்தைசாமிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

“என் மானத்த வாங்கிட்டியேய்யா! வா இங்கிட்டு!” செட்டியார் அவன் கையைப் பிடித்து, படகுக்கு மறைவாகத் தரதரவென்று இழுத்துப் போனார்.

அடி விழப்போகிறது என்று குழந்தைசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். விழவில்லை. செட்டியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தார்.

“மூணு நாளா நான் கழட்டிக் கழட்டிப் போடுறேன், படகு எறங்காதுன்னு சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாய்யா?”